சிடி25-ஐப் பார்த்துக் குதித்த கதை

ஆய்வகத்தில் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாயம் ஏற்றிய செல்களை வகை பிரித்து எண்ணுகிற ஃப்ளோ சைட்டோமீட்டர் முன்னால் உட்கார்ந்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கட்டி வளர்ந்துகொண்டிருந்த சுண்டெலிகளில் பாதிக்குத் தடுப்பூசி போட்டிருந்தோம். போட்ட எலிகளின் நிணநீர்க் கணுக்களில் சிடி4 டி செல்கள் (எதிர்ப்புச் சக்தி வெள்ளணுக்களில் ஒரு வகை) கூடியிருந்தன, அதிலும் சிடி25 என்கிற புரதத்தை மேலே ஏந்திக்கொண்டிருந்த செல்கள், போடாத எலிகளைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு அதிகம். பாடப்புத்தகத்தில் சிடி25 என்றால் இந்த டி செல் முழித்துக்கொண்டது என்று அர்த்தம். ஊசி வேலை செய்துவிட்டது, செல்கள் எழுந்துவிட்டன, இனி கட்டி சுருங்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்து, படத்தை பிரின்ட் எடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலிப்பர் வைத்து அளந்தால் கட்டி இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கிறது. புதன்கிழமையும் அப்படியே. சீனியர் அக்கா ஒருவர் காபி டம்ளரோடு வந்து என் மேசைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஃபாக்ஸ்பி3 ஸ்டெயின் பண்ணினியா?"

"இல்லக்கா, அது எதுக்கு?"

"பண்ணிட்டு வா, அப்புறம் சிரி."

ஃபாக்ஸ்பி3 செல்லின் உட்கருவுக்குள் இருக்கிற புரதம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் செல்லை முதலில் வேதிப்பொருளால் நிலைப்படுத்தி, சவ்வில் ஓட்டை போட்டு, சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை உள்ளே அனுப்ப வேண்டும். சோம்பேறித்தனத்தில் நான் விட்டுவிட்ட வேலை அது. அடுத்த தடவை செய்து பார்த்தபோது தெரிந்தது, நான் கொண்டாடிய அந்தக் கூடுதல் சிடி25 செல்களில் பெரும்பகுதிக்குள் ஃபாக்ஸ்பி3 இருக்கிறது. அதாவது சண்டை போட எழுந்தவை என்று நான் நினைத்த செல்கள், சண்டையை விலக்கிவிடுகிறவை. ஒழுங்குபடுத்தும் டி செல்கள். நாங்கள் ஆய்வகத்தில் சுருக்கமாக டீரெக் என்போம், இனிமேல் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழப்பம் வரும். எச்பிவி தடுப்பூசியும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் புற்றுநோயைத் தடுப்பது அந்த வைரஸ்களை உள்ளே விடாமல் தடுப்பதன் மூலம். அவை நன்றாக வேலை செய்கின்றன, அவற்றைப் பற்றி இங்கே புகார் எதுவும் இல்லை. நான் பேசுவது ஏற்கனவே கட்டி வந்துவிட்ட உடம்புக்கு, அந்தக் கட்டியை அடையாளம் காட்டிப் போடுகிற சிகிச்சைத் தடுப்பூசிகளைப் பற்றி. வாட்ஸ்அப்பில் 'புற்றுநோய்க்குத் தடுப்பூசி வந்துவிட்டது' என்று சொந்தக்காரர்கள் அனுப்புகிறார்களே, அந்த வகை.

டீரெக் செல்லை விளக்க எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான உவமை கல்யாண வீட்டில் இருந்துதான் வருகிறது. பங்காளிகள் இருவர் கைகலப்புக்குப் போகும்போது நடுவில் புகுந்து, "விடுங்கப்பா, என்ன இருந்தாலும் நம்ம ஆளு" என்று தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிப்போகிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் இல்லாத குடும்பம் ஒரு கல்யாணத்தைக்கூட ஒழுங்காக நடத்தாது. உடம்பிலும் அப்படித்தான். தைமஸ் சுரப்பியில் டி செல்கள் தயாராகும்போது நம் உடம்பையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே அழிந்துவிடுகின்றன, ஆனாலும் சில தப்பி வெளியே வரும். வெளியே வந்தவற்றை அடக்கி வைப்பது இந்த மாமாக்களின் வேலை. மனித ரத்தத்தில் உள்ள சிடி4 டி செல்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இவர்கள்தான்.

இந்தச் செல் இருக்கிறது என்று உலகம் ஒப்புக்கொண்ட கதையே தனி. 1969-இல் ஜப்பானின் நகோயாவில் ஐச்சி புற்றுநோய் மையத்தில் நிஷிசுகா, சகாகுரா என்ற இருவர், பிறந்த மூன்றாம் நாள் சுண்டெலிகளின் தைமஸை வெட்டி எடுத்தார்கள். தைமஸ் போனால் எதிர்ப்புச் சக்தி குறைய வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் அந்த எலிகளின் சினைப்பைகள் அழிந்துபோயின. ஏழாம் நாள் வெட்டினால் ஒன்றும் ஆவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே தைமஸிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி வெளியே போகிறது, அது போகாவிட்டால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்குகிறது. இந்த முடிவைப் படித்துவிட்டு அதன் பின்னாலேயே போனவர் ஷிமோன் சகாகுச்சி. ஆரோக்கியமான எலியின் டி செல்களை எடுத்து அந்தத் தைமஸ் இல்லாத எலிகளுக்குக் கொடுத்தால் நோய் நின்றுவிடுகிறது என்று காட்டினார்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. 1970-இல் யேல் பல்கலைக்கழகத்தின் கெர்ஷன், கோண்டோ இருவரும் எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் இருக்கின்றன என்று எழுதினார்கள். 'சப்ரஸர் டி செல்' என்று பெயர். பத்து வருடம் அந்தத் துறையே அதன் பின்னால் ஓடியது. ஐ-ஜே என்று ஒரு மூலக்கூறுதான் அந்தச் செல்லின் அடையாளம் என்றார்கள், அதன் மரபணு குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூட வரைபடத்தில் குறித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்த இடத்தின் டிஎன்ஏவை உண்மையிலேயே பிரித்துப் பார்த்தபோது அங்கே அப்படி ஒரு மரபணுவே இல்லை. அவ்வளவுதான், சப்ரஸர் என்ற வார்த்தையைச் சொன்னாலே மற்றவர்கள் சிரிக்கிற நிலைமை வந்துவிட்டது. அந்த அவமானத்தில் அடித்துக்கொண்டு போன நல்ல வேலைகளில் ஒன்று நம் விஷயத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் ட்ரூடோ நிறுவனத்தில் இருந்த ராபர்ட் நார்த், கட்டி வளர வளர அதற்கு எதிரான பதிலை அடக்குகிற டி செல்களும் எலியில் உருவாகின்றன என்று 1980-இலேயே காட்டியிருந்தார். இரண்டு வருடம் கழித்து, சைக்ளோபாஸ்பமைடு மருந்து கொடுத்து அந்தச் செல்களை ஒழித்தால், வெளியிலிருந்து செலுத்தும் டி செல்கள் கட்டியை அழிக்கின்றன என்றும் காட்டினார். இன்றைக்குப் படித்தால் டீரெக் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்றே தோன்றும். அவரிடம் அடையாளம் மட்டும்தான் இல்லை.

அடையாளம் 1995-இல் வந்தது. சகாகுச்சி சொன்ன அடையாளம் எது என்று நினைக்கிறீர்கள்? சிடி25. என்னை ஏமாற்றிய அதே சிடி25. விழித்துக்கொண்ட சாதாரண டி செல்லிலும் அது இருக்கும், டீரெக்கிலும் எப்போதும் இருக்கும். அப்புறம் 2001-இல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் குழு வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் இருந்தபடி, 1940-களிலேயே ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தற்செயலாகப் பிறந்த நோயாளி எலி வகையின் பழுதுபட்ட மரபணுவைக் கண்டுபிடித்தது. அதுதான் ஃபாக்ஸ்பி3. ஆண் குழந்தைகளுக்கு வருகிற, பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோயும் நிற்காத வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் சேர்ந்து வாட்டுகிற ஐபெக்ஸ் என்ற அரிய நோய்க்கும் அதே மரபணுதான் காரணம். 2003-இல் இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன, ஃபாக்ஸ்பி3 தான் டீரெக்கை டீரெக்காக வைத்திருக்கிறது என்று தெரிந்தது. மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தபோது எங்கள் பழைய ஆய்வக வாட்ஸ்அப் குழுவில் அந்த அக்கா என் பெயரைக் குறிப்பிட்டு ஒரே ஒரு சிரிப்புப் படம் போட்டார்.

சரி, தடுப்பூசிக்கு வருவோம்.

கிருமிக்கு எதிரான தடுப்பூசி போடும்போது நாம் காட்டுவது அந்நியன் முகம். மாமாவுக்கு அங்கே அதிகம் வேலை இல்லை. ஆனால் புற்றுநோய் நம் செல்லிலிருந்து வந்தது. அதன் மேல் இருக்கிற புரதங்களில் மிகப் பெரும்பான்மை நம்முடையவை, சிலது மட்டும் மாறியவை அல்லது அளவுக்கு மீறி இருப்பவை. 'என்ன இருந்தாலும் நம்ம ஆளு' என்பது கட்டி விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. டீரெக்குகள் தைமஸில் தேர்வாகும்போதே நம் சொந்தப் புரதங்களை அடையாளம் காணும் வகையில் தேர்வாகின்றன. ஆகவே மெலனோமா தோல் புற்றுநோயில் இருக்கும் ஒரு சாதாரண நிறமிப் புரதத்தை எடுத்துத் தடுப்பூசியாகப் போட்டால், அதைத் தெரிந்த தாக்கும் செல்களும் எழும், அதைத் தெரிந்த டீரெக்குகளும் எழும். போதாததற்கு, கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதக்கணக்கான, வருடக்கணக்கான காலத்தில் அது டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து சாதாரண சிடி4 செல்கள் சிலவற்றையும் டீரெக்காக மாற்றிவைத்திருக்கும். நாம் ஊசியோடு போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே மாமாக்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். 2006-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதை எலிகளில் நேராகவே காட்டினார்கள். கட்டி உருவாக்கிவைத்திருந்த, அந்தக் கட்டியையே குறிவைத்த டீரெக்குகள், சிகிச்சைத் தடுப்பூசி போட்டதும் பெருகின. அந்தக் கட்டுரையை நான் என் பரிசோதனைக்கு முன்னால் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

பெருகினால் என்ன செய்கிறார்கள்? நிறைய வழிகள் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது பட்டினி போடுவது. டி செல் ஒன்று விழித்துப் பெருக வேண்டுமென்றால் இன்டர்லூகின்-2 என்ற சாப்பாடு வேண்டும். சிடி25 என்பது அந்த இன்டர்லூகினை இறுக்கிப் பிடிக்கிற கொக்கியின் ஒரு பாகம். டீரெக்கிடம் அந்தக் கொக்கி எப்போதும் தயாராக, நிறைய இருக்கிறது. ஆனால் அதுவோ தானாக இன்டர்லூகின்-2 சமைப்பதே இல்லை. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, சமையலுக்குக் கை கொடுக்காமல், சாம்பார் வாளியை மடக்கி வைத்துக்கொள்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், தடுப்பூசியால் இப்போதுதான் எழுந்த தாக்கும் செல் கடைசி வரிசையில் காலி இலையோடு காத்திருக்கும். புற்றுநோய்க்கு மருந்தாக இன்டர்லூகின்-2 கொடுத்த காலத்தில் கொல்லும் செல்களோடு சேர்ந்து டீரெக்குகளும் கொழுத்ததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி இன்னும் நாசூக்கானது. தடுப்பூசியின் புரதத் துண்டை எடுத்துக்கொண்டுபோய் டி செல்லுக்குக் காட்டுவது டென்ட்ரிடிக் செல். துண்டை மட்டும் காட்டினால் போதாது, 'ஆமாம், இது ஆபத்துதான்' என்று சொல்லும் சிடி80, சிடி86 என்ற இரண்டு புரதங்களையும் அது மேலே தூக்கிக் காட்ட வேண்டும். டீரெக்கின் மேல் இருக்கும் சிடிஎல்ஏ-4 அந்த இரண்டையும் பிடித்து, டென்ட்ரிடிக் செல்லின் உடம்பிலிருந்து பிய்த்து, தனக்குள்ளே விழுங்கிவிடுகிறது. 2011-இல் இங்கிலாந்தில் ஒரு குழு இதைப் படமாகவே காட்டியது. நாம் என்னதான் விலையுயர்ந்த துணைப்பொருள் சேர்த்து டென்ட்ரிடிக் செல்லை உசுப்பிவிட்டாலும், பக்கத்தில் போதுமான டீரெக் இருந்தால் கொடியைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தை மட்டும் விட்டுவைக்கும். டி செல் வந்து பார்க்கும், புரதத் துண்டு இருக்கும், ஆபத்து அறிவிப்பு இருக்காது, சரி ஒன்றுமில்லை என்று போய்விடும்.

மனிதர்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டால், 2004-இல் வெளிவந்த இரண்டு வேலைகளைச் சொல்வேன். ஒன்று, அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் தன் குழு தடுப்பூசி போட்ட 440 நோயாளிகளின் கணக்கைப் போட்டு உடைத்தார். கட்டி உருப்படியாகச் சுருங்கியது 2.6 சதவீதம் பேருக்கு. சுருங்காதவர்களிலும் பலருக்கு ரத்தத்தில் தடுப்பூசிக்கான டி செல்கள் நன்றாகவே எழுந்திருந்தன, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு, டைலர் கியூரியல் குழு சினைப்பைப் புற்றுநோய் உள்ள 104 பெண்களின் கட்டிகளைப் பார்த்தது. கட்டிக்குள் டீரெக் அதிகம் இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள், அந்தக் கட்டிகளே சிசிஎல்22 என்ற புரதத்தை வாசனை போல விட்டு டீரெக்குகளை உள்ளே இழுக்கின்றன. முதல் கட்டுரையின் கேள்விக்கு இரண்டாவது முழுப் பதில் கிடையாது, கட்டி தப்பிப்பதற்கு வேறு நூறு வழிகள் உண்டு, ஆனாலும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்து வந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குப் பொறி தட்டியிருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது நெதர்லாந்தின் லைடன் நகரத்து வேலை. எச்பிவி-16 வைரஸால் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் புற்றுக்கு முந்தைய நிலைப் புண் வந்த 20 பெண்கள். இது தானாகப் போவது ரொம்ப அரிது, அறுவை செய்தாலும் திரும்ப வரும், வலியும் அரிப்பும் கூச்சமும் சேர்ந்து வாழ்க்கையையே கெடுக்கிற சமாச்சாரம். வைரஸின் இ6, இ7 புரதங்களை நீளமான துண்டுகளாகச் செய்து, எண்ணெய்க் குழம்பில் கலந்து, மூன்று நான்கு தடவை ஊசியாகப் போட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது 19 பேரில் 15 பேருக்குப் பலன், அதில் 9 பேருக்குப் புண்ணே இல்லை. 2009-இல் அது வந்தபோது சிகிச்சைத் தடுப்பூசிக்காரர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் லைடன்காரர்கள் அதோடு நிற்கவில்லை. மற்றவர்களுக்கு ஏன் போகவில்லை என்று தோண்டினார்கள், அடுத்த வருடம் எழுதினார்கள். ஆரம்பத்தில் புண் சிறியதாக இருந்த பெண்களுக்கு முதல் ஊசியிலேயே இன்டர்ஃபெரான்-காமா என்ற சண்டைச் சமிக்ஞை சட்டென்று உச்சத்துக்குப் போனது, பதில் பலமாகவும் பல துண்டுகளுக்கு எதிராகவும் இருந்தது. பெரிய புண் இருந்தவர்களுக்கு அதே ஊசி, அதே அளவு. ஆனால் அவர்களிடம் எச்பிவி-16-ஐக் குறிவைத்த ஃபாக்ஸ்பி3 செல்கள் அதிகமாக எழுந்தன, சண்டைச் சமிக்ஞைக்கும் சமாதானச் சமிக்ஞைக்கும் உள்ள விகிதம் குறைவாக இருந்தது. அந்தப் பெண்களின் எதிர்ப்புச் சக்தியே பலவீனம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் வேறு கிருமிகளுக்கான அவர்களது நினைவுச் செல்கள் மற்றவர்களைப் போலவே நன்றாக இருந்தன. இந்த ஒரு வைரஸ் விஷயத்தில் மட்டும், வருடக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்திய உடம்பு சமாதானத்துக்குப் பழகிவிட்டிருக்கிறது. ஊசி அந்தப் பழக்கத்தையும் சேர்த்து எழுப்பியது. இதே தடுப்பூசியைப் பிறகு முற்றிய எச்பிவி புற்றுநோய் உள்ள 20 பெண்களுக்குப் போட்டபோது ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. கவனியுங்கள், இங்கே குறி வைத்தது நம் புரதத்தை அல்ல, வைரஸ் புரதத்தை. அந்நியனாகவே இருந்தாலும் நீண்ட நாள் வீட்டில் தங்கிவிட்டால் மாமா அவனுக்கும் பரிந்து பேசுவார் போலிருக்கிறது.

அப்படியானால் டீரெக்கை அழித்துவிட்டு ஊசி போட்டால் என்ன? எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை. எலியில் பிரமாதமாக வேலை செய்யும். 1999-இல் ஜப்பானில் இரண்டு குழுக்கள் சிடி25-க்கு எதிரான ஆன்டிபாடியைக் கொடுத்துவிட்டுக் கட்டி செல்களை வைத்தார்கள், எலிகள் கட்டியை நிராகரித்தன. 2001-இல் பி16 என்ற, எலி ஆய்வாளர்கள் எல்லோரையும் அழ வைக்கிற மெலனோமாவில் தடுப்பூசியோடு சிடிஎல்ஏ-4 தடையையும் சிடி25 நீக்கத்தையும் சேர்த்தபோது நல்ல பலன் வந்தது. ஆனால் கட்டி ஏற்கனவே வளர்ந்துவிட்ட எலியில் அந்த ஆன்டிபாடியை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் பிரயோஜனம் இல்லை. மனிதன் மருத்துவமனைக்கு வருவதோ கட்டி வளர்ந்த பிறகுதான்.

அப்புறம் இன்னொரு சிக்கல் இருக்கிறது, என் மேசைப் படத்தின் சிக்கலேதான். நெதர்லாந்தின் நைமேகனில் மெலனோமா நோயாளிகளுக்கு டாக்ளிசுமாப் என்ற சிடி25 ஆன்டிபாடியைக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்து டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி போட்டார்கள். நான்கு நாளில் ரத்தத்திலிருந்து சிடி25 அதிகமுள்ள செல்கள் காணாமல் போயின. சந்தோஷம். ஆனால் மருந்து இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்பூசியும் வந்தது, தடுப்பூசியால் புதிதாக எழுந்த தாக்கும் செல்களும் சிடி25-ஐ அணிந்துகொண்டன, மருந்து அவற்றையும் பிடித்துக்கொண்டது. மாமாவைத் தூக்கிக்கொண்டு போக வந்த வண்டியில் மாப்பிள்ளையையும் ஏற்றிவிட்ட கதை. டினிலூகின் டிஃப்டிடாக்ஸ் என்று டிஃப்தீரியா நச்சை இன்டர்லூகின்-2-வோடு ஒட்டிய ஒரு மருந்தும் இருந்தது. 2005-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்குத் தடுப்பூசிக்கு முன் அதைக் கொடுத்தபோது டி செல் பதில் கூடியது என்றார்கள், அதே வருடம் வேறொரு குழு 13 நோயாளிகளுக்கு அதை மட்டும் கொடுத்துப் பார்த்துப் பலன் ஒன்றும் இல்லை என்றது.

நார்த் உபயோகித்த அந்தப் பழைய சைக்ளோபாஸ்பமைடுக்கே திரும்பிப் போனவர்கள் ஜெர்மனியின் டூபிங்கன்காரர்கள். சிறுநீரகப் புற்றுக்கு ஐஎம்ஏ901 என்று பத்துத் துண்டுகள் கொண்ட தடுப்பூசி. இரண்டாம் கட்டச் சோதனையில் 68 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஊசிக்கு முன் ஒரே ஒரு தடவை, குறைந்த அளவில் அந்த மருந்து. டீரெக் எண்ணிக்கை குறைந்தது. மருந்து வாங்கியவர்களில் யாருக்குத் தடுப்பூசிப் பதில் எழுந்ததோ அவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். 2012-இல் அதைப் படித்தவர்கள், இதோ வழி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் 339 பேர், சுனிடினிப் என்ற சிறுநீரகப் புற்றுநோய் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஆயுள் கூடவில்லை. டி செல் பதில்கூட முந்தைய சோதனையில் வந்ததைவிடக் குறைவு. மாத்திரை குறுக்கிட்டதா, நேரம் தவறியதா என்று இன்றும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் அபிப்பிராயம், ரத்தத்தில் டீரெக்கை எண்ணிவிட்டுக் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துக்கொள்வது பேருந்து நிலையத்தில் ஆட்களை எண்ணிவிட்டு ஊருக்குள் எத்தனை பேர் என்று சொல்வது மாதிரி. உள்ளே இருப்பவர்கள் வேறு ஆட்கள்.

சிடிஎல்ஏ-4 தடை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2010-இல் வெளிவந்த 676 மெலனோமா நோயாளிகளின் சோதனையில் சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியான இபிலிமுமாபை மட்டும் வாங்கியவர்கள் இடைநிலைக் கணக்கில் 10.1 மாதம், அதோடு ஜிபி100 என்ற நிறமிப் புரதத் தடுப்பூசியும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்கள் 10.0 மாதம், தடுப்பூசி மட்டும் போட்டவர்கள் 6.4 மாதம் வாழ்ந்தார்கள். இபிலிமுமாப் வரலாறு படைத்தது. அதே அட்டவணையில் தடுப்பூசியின் பங்களிப்பு பூஜ்யம் என்றும் எழுதியிருக்கிறது, அதை யாரும் தலைப்பில் போடவில்லை. எலிகளில் இந்த வகை ஆன்டிபாடிகள் கட்டிக்குள் இருக்கிற டீரெக்குகளைக் கொல்வதன் மூலமும் வேலை செய்கின்றன. மனிதர்களில் அப்படித்தானா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. மாமாவின் கையைக் கட்டினால் என்ன ஆகும் என்பது மட்டும் நோயாளிகளுக்கு நன்றாகவே தெரிந்தது. குடல் அழற்சி, தோல் தடிப்பு, ஈரல் வீக்கம், தைராய்டு கோளாறு. அந்த ஐபெக்ஸ் குழந்தைகளுக்கு நடப்பதன் சின்னப் பதிப்பு.

பெருங்குடல் புற்றுநோய் இதில் சேராத பிள்ளை. அங்கே ஃபாக்ஸ்பி3 செல்கள் அதிகமிருந்தால் நோயாளி நன்றாக இருக்கிறார் என்று பல கட்டுரைகள் வந்து எல்லோரையும் குழப்பின. 2016-இல் ஜப்பானியக் குழு ஒன்று, ஃபாக்ஸ்பி3 கொஞ்சமாக மட்டும் உள்ள, யாரையும் அடக்காத ஒரு வகை செல் சில குடல் கட்டிகளில் நிறைய இருக்கிறது என்று காட்டியது. ஆகவே சிடி25 மட்டும் பார்த்து ஏமாந்த நான், ஃபாக்ஸ்பி3 மட்டும் பார்த்தாலும் ஏமாந்திருப்பேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

இப்போது முயற்சி செய்வது, ஊரிலுள்ள எல்லா மாமாக்களையும் விட்டுவிட்டுக் கட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களை மட்டும் பிடிப்பது. கட்டிக்குள் இருக்கும் டீரெக்குகளின் மேல் சிசிஆர்8 என்ற ஒன்று தூக்கலாக இருப்பதை 2016-இல் கண்டார்கள், ரத்தத்தில் உள்ளவற்றில் அது குறைவு. அதைக் குறிவைத்த ஆன்டிபாடிகள் மனிதச் சோதனையில் இருக்கின்றன. இன்னொரு பக்கம், தடுப்பூசிக்காரர்கள் குறியையே மாற்றிவிட்டார்கள். பொதுவான நிறமிப் புரதம் போன்றவற்றை விட்டுவிட்டு, அந்த ஒரு நோயாளியின் கட்டியில் மட்டும் பிறழ்ந்த துண்டுகளை எடுக்கிறார்கள், அவற்றைத் தைமஸ் பார்த்ததே இல்லை, அதனால் பரிந்து பேச முன்பே தயாரான டீரெக் குறைவாக இருக்கும் என்பது கணக்கு. மாடர்னாவும் மெர்க்கும் சேர்ந்து செய்த எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் ஒரு நோயாளிக்கு 34 துண்டுகள் வரை சேர்க்கிறார்கள். 157 மெலனோமா நோயாளிகளில், அறுவைக்குப் பிறகு, டி செல்களின் தடையை அகற்றுகிற பெம்ப்ரோலிசுமாப் என்ற ஆன்டிபாடியோடு அதைச் சேர்த்தபோது நோய் திரும்புவதோ இறப்பதோ 44 சதவீதம் குறைந்தது. அறுவைக்குப் பிறகு என்பதைக் கவனியுங்கள். பெரிய கட்டி வெளியே போய்விட்டது, அதோடு அதற்குள் உட்கார்ந்திருந்தவர்களும் போய்விட்டார்கள். லைடனில் சிறிய புண் இருந்த பெண்கள் எனக்கு இங்கே ஞாபகம் வருவார்கள்.

எம்ஆர்என்ஏ என்றதும் கடைசியாக ஒன்று. ஜெர்மனியின் பயோஎன்டெக் 2021 தொடக்கத்தில் ஒரு எலி வேலையை வெளியிட்டது, நம் கோவிட் ஊசிப் பரபரப்பில் அதைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். எம்ஆர்என்ஏவில் யூரிடின் என்ற எழுத்தை மாற்றி, உடம்புக்கு ஆபத்து மணி அடிக்காத மாதிரி செய்து, மூளை நரம்புகளின் உறையில் உள்ள ஒரு புரதத்தை அதில் எழுதி, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் போன்ற நோய் உள்ள எலிகளுக்குப் போட்டார்கள். டீரெக்குகள் பெருகின, நோய் அடங்கியது. அதே நிறுவனம் புற்றுநோய்க்குச் செய்கிற ஊசியில் மாற்றாத யூரிடினை வைத்திருக்கிறது, மணி பலமாக அடிக்க வேண்டும் என்பதற்காகவே. அந்தக் கட்டுரையின் ஒரு படம், சிடி4 செல்களுக்குள் ஃபாக்ஸ்பி3 கூடியிருப்பதைக் காட்டுவது, நான் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டு அப்புறம் கிழித்தெறிந்த படத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. என் நோட்டுப் புத்தகத்தில் அந்த நாளுக்கு எதிரே 'தோல்வி, தடுப்பூசிக் குழுவில் டீரெக் அதிகம்' என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் அதே வரியை முடிவுரையில் போட்டு சயின்ஸ் இதழுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.